பிரேக்கைக் கழற்றும் மருந்து: இம்யூனோதெரபியை வீட்டில் எப்படிச் சொல்வது?



இந்த வார எபிசோடில் நேரம் போதாமல் பாதியில் விட்ட விசயத்தை இங்கே முழுசாக எழுதுகிறேன். எபிசோடைக் கேட்காதவர்களும் தாராளமாக வாசிக்கலாம். முதலில் இருந்தே தொடங்குவோம்.

எங்களில் கனபேர் சின்ன வயசில் இருந்தே வீட்டின் மொழிபெயர்ப்பாளர்கள். ஹைட்ரோ பில்லில் தொடங்குகிற வேலை அது. பிறகு வங்கிக் கடிதம், பிறகு வாகனக் காப்புறுதி. கடைசியில் ஒருநாள் ஆஸ்பத்திரி அறையில், டொக்டருக்கும் அம்மம்மாவுக்கும் நடுவில் ஒரு கதிரையில் கொண்டுவந்து இருத்திவிடும். டொக்டர் ஆங்கிலத்தில் "இம்யூனோதெரபி" என்கிறார். எல்லாரும் எங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் வாயில் முதலில் வருகிற வசனம் அநேகமாக ஒன்றுதான்: "நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுற மருந்தாம்."

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் உடம்புக்குள் நடப்பதை அந்த வசனம் சொல்லவில்லை. அதோடு, அதைக் கேட்டவர் வீட்டுக்குப் போய் எடுக்கிற முடிவுகளும் பிழைக்கலாம். சக்தியைக் கூட்டுகிற மருந்தென்றால் அதில் என்ன ஆபத்து இருக்கப்போகுது என்றுதான் யாரும் நினைப்பார்கள். இரண்டு நாள் வயித்தால போனாலும், "கீமோ இல்லைத்தானே, தாங்கும்" என்று பேசாமல் இருந்துவிடுவார்கள்.

சரியான வசனம் வேறு. இப்போது பரவலாகக் கொடுக்கப்படும் இம்யூனோதெரபி மருந்துகள் எதையும் கூட்டுவதில்லை. அவை ஒரு பிரேக்கைக் கழற்றுகின்றன. அந்த பிரேக் என்பது ரி-செல்லின் மேல்தோலில் இருக்கும் ஒரு ஏற்பி. இதை விளங்கிக்கொள்ள நாங்கள் தூரப் போகத் தேவையில்லை. கதையின் பெரிய பங்கு ரொறன்ரோவிலேயே நடந்தது.

ஏற்பி என்றால் என்ன?

அம்மா அப்பா ஊரில் படித்த புத்தகத்தில் செல்லுக்குக் "கலம்" என்று பெயர். ஆங்கிலத்தில் ரிசெப்ரர் என்பதைத் தமிழில் "ஏற்பி" என்கிறோம். கலத்தின் மேற்பரப்பில் குத்தி நிற்கும் ஒரு புரதம் அது. பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பாதி உள்ளே இருக்கும். வெளியே இருக்கும் பக்கத்தில் பொருத்தமான ஏதாவது வந்து ஒட்டினால், உள்ளே இருக்கும் வால் ஒரு வேலையைத் தொடக்கிவிடும், அல்லது நிறுத்திவிடும். கலத்துக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. வெளியுலகம் அதற்குத் தெரிவது இந்த ஏற்பிகளின் வழியாகத்தான்.

இப்போது ரி-செல்லுக்கு வருவோம். இது வெள்ளை இரத்த அணுக்களில் ஒரு வகை. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் என்ற சுரப்பியில் முதிர்வதால் தைமஸின் முதல் எழுத்தே பெயராகிவிட்டது. ஒவ்வொரு ரி-செல்லும் தனக்கென்று ஒரு வடிவமுள்ள ஏற்பியை வைத்திருக்கும். முதிரும் காலத்தில், அந்த ஏற்பிக்கான மரபணுத் துண்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்து அடுக்கிக்கொள்ளும். அதனால் உடம்புக்குள் கோடிக்கணக்கான வித்தியாசமான ஏற்பிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இவை எதைத் தொட்டுப் பார்க்கின்றன? எங்கள் உடம்பில் ஏறக்குறைய எல்லாக் கலங்களும், தங்களுக்குள் செய்யும் புரதங்களை நறுக்கி, சின்னச் சின்னத் துண்டுகளாக வெளியே காட்டிக்கொண்டிருக்கும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அதே கணக்குத்தான். ரி-செல் பானைக்குள் இறங்கிப் பார்ப்பதில்லை. வெளியே வைத்திருக்கும் அந்த ஒரு பருக்கையைத் தொட்டுப் பார்க்கும். வைரஸ் புகுந்த கலம் என்றால் பருக்கை வித்தியாசமாக இருக்கும். மரபணு மாறிப்போன புற்றுநோய்க் கலத்திலும் அப்படி வித்தியாசமான பருக்கைகள் வரலாம்.

அப்படியென்றால் ரி-செல்கள் புற்றுநோயைக் கண்டுபிடித்து எப்போதோ அழித்திருக்க வேண்டுமே, ஏன் செய்வதில்லை? அந்தக் கேள்விக்கு விடை தேட முதலில் அந்த ஏற்பியைக் கையில் பிடிக்க வேண்டியிருந்தது.

ஷெர்போர்ன் தெரு, 1984

இன்றைக்கு பிரின்சஸ் மார்கரெட் ஆஸ்பத்திரி யூனிவர்சிட்டி அவெனியூவில் இருக்கிறது. 1995 வரை அது ஷெர்போர்ன் தெருவில், வெல்லஸ்லி பக்கம் இருந்தது. பக்கத்தில்தான் செயின்ட் ஜேம்ஸ் டவுன் மாடிக்கட்டடங்கள். 1983 யூலைக்குப் பிறகு கனடா வந்த எங்கட ஆட்களில் எத்தனையோ பேருக்கு அங்கேதான் முதல் முகவரி. உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கோ, யாராவது ஒரு மாமா "நாங்கள் அங்கதான் ஒரு அறைக்குள்ள ஆறுபேர் இருந்தனாங்கள்" என்று தொடங்குவார்.

அந்த ஆஸ்பத்திரியோடு இணைந்த ஒன்ராறியோ புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் வேலை செய்தவர் டாக் மாக். சீனாவில் பிறந்து, ஹொங்கொங்கில் வளர்ந்து, அமெரிக்காவில் விஸ்கொன்சினிலும் கனடாவில் அல்பேர்ட்டாவிலும் படித்துவிட்டு ரொறன்ரோ வந்தவர். ரி-செல்லின் ஏற்பி எப்படியிருக்கும், அதன் மரபணு எது என்று அப்போது உலகம் முழுக்கப் பல ஆய்வுகூடங்கள் தேடிக்கொண்டிருந்தன. எல்லாருக்கும் அது இருக்கிறது என்று தெரியும், பிடிபடவில்லை.

மாக்கின் குழு எடுத்த வழி எளிமையானது. ரி-செல் லுக்கேமியா நோயிலிருந்து வந்த ஒரு கலவரிசையை எடுத்தார்கள். அந்தக் கலம் வேலைக்கு எடுத்திருக்கும் மரபணுச் செய்திகளைப் பிரதி செய்தார்கள். பிறகு, ரி-செல்லில் இருக்கிறது ஆனால் அதன் நெருங்கிய உறவான பி-செல்லில் இல்லை என்று சொல்லக்கூடியவற்றை மட்டும் வடித்தெடுத்தார்கள். அதில் ஒன்றின் எழுத்துவரிசை அன்ரிபொடியின் எழுத்துவரிசையைப் போலவே இருந்தது. ஊர்ப் பாடப்புத்தகத்தில் "பிறபொருளெதிரி" என்று வருவதுதான் அன்ரிபொடி. அந்நியப் பொருளைப் பிடித்துக்கொள்கிற புரதம் அது. அப்படிப்பட்ட புரதத்தைப் போலவே இன்னொன்று, அதுவும் ரி-செல்லில் மட்டும். தேடிய ஏற்பியின் ஒரு பாதி அதுதான்.

1984 மார்ச்சில் நேச்சர் சஞ்சிகையில் அது வெளிவந்தது. அதே இதழில், அமெரிக்காவில் இருந்து ஸ்டீவன் ஹெட்ரிக், மார்க் டேவிஸ் குழு சுண்டெலியின் ஏற்பியை வெளியிட்டது. அடுத்த ஆண்டு, மாக்கின் ஆய்வுகூடத்தில் படித்துக்கொண்டிருந்த பமேலா ஒஹாஷி, அந்த மரபணுவை அது இல்லாமல் போன ஒரு ரி-செல்லுக்குள் திரும்ப வைத்துக் காட்டினார். கலத்தின் மேல் ஏற்பி திரும்ப முளைத்தது, வேலையும் செய்தது. கண்டெடுத்த மரபணு சரியானதுதான் என்பதற்கு அது உறுதியான சாட்சி. இந்த 1985 ஆம் ஆண்டுப் பரிசோதனையை மனதில் வைத்திருங்கோ, பிறகு தேவைப்படும்.

தொட்டால் மட்டும் போதாது

ஏற்பி பருக்கையைத் தொட்டு, "இது சரியில்லை" என்று கண்டுபிடித்தால் உடனே ரி-செல் அடிக்கப் போய்விடும் என்று நினைப்போம். அப்படி நடந்தால் சின்னத் தவறுக்கெல்லாம் உடம்பு தன்னைத்தானே அடித்துக்கொள்ளும். அதனால் இரண்டாவது அனுமதி ஒன்று வேண்டும்.

காரை நினைத்துக்கொள்ளுங்கோ. ரி-செல்லின் பிரதான ஏற்பி என்பது சாவி போட்டு எஞ்சினை ஸ்ராட் பண்ணுவது. கார் நகர வேண்டுமென்றால் அக்சிலரேற்றரை மிதிக்க வேண்டும். அந்த அக்சிலரேற்றர் சி.டி-28 என்ற இன்னொரு ஏற்பி. காவல் கலங்கள் ஆபத்தை உணரும்போது பி-7 என்ற புரதத்தைத் தங்கள் மேல் கூடுதலாகக் காட்டும். சி.டி-28 அதைப் பிடித்தால்தான் ரி-செல் பெருகத் தொடங்கும். 1993 இல் மாக்கின் குழு சி.டி-28 இல்லாத சுண்டெலிகளை உருவாக்கியது. அவற்றின் எதிர்ப்புச் செயல்களில் பல பலவீனமாயின, சில மட்டும் தப்பிப் பிழைத்தன.

அண்ணன் போலவே ஒரு தம்பி

இங்கேதான் கதை திரும்புகிறது. 1987 இல் பிரான்சில் ஒரு குழு சி.ரி.எல்.ஏ-4 என்ற இன்னொரு ஏற்பியைக் கண்டெடுத்திருந்தது. பார்த்தால் சி.டி-28 இன் கூடப்பிறந்தது மாதிரி. அதே பி-7 ஐத்தான் இதுவும் பிடிக்கும், இன்னும் இறுக்கமாக. அண்ணன் அக்சிலரேற்றர் என்றால் தம்பியும் அக்சிலரேற்றராகத்தானே இருக்க வேண்டும்? சிலர் அப்படித்தான் நினைத்தார்கள். அமெரிக்காவில் ஜெஃப்ரி புளூஸ்ரோன், ஜேம்ஸ் அலிசன் ஆகியோரின் குழுக்களோ, இது பிரேக் என்று காட்டும் சோதனைகளை வெளியிட்டன. வாக்குவாதம் நடந்தது.

அதற்குத் தீர்ப்புச் சொன்னவை சுண்டெலிகள். 1995 இல், ரொறன்ரோவில் மாக்கின் குழுவும், பொஸ்ரனில் ஆர்லீன் ஷார்ப்பின் குழுவும் தனித்தனியாக சி.ரி.எல்.ஏ-4 இல்லாத சுண்டெலிகளை உருவாக்கின. அவை பிறக்கும்போது சாதாரணமாகத்தான் இருந்தன. மூன்று நான்கு கிழமைக்குள் ஏறக்குறைய எல்லாம் செத்துப்போயின. உள்ளே பார்த்தால், ரி-செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, இதயத்துக்குள்ளும் கணையத்துக்குள்ளும் மற்ற உறுப்புகளுக்குள்ளும் புகுந்திருந்தன. கிருமி ஒன்றும் இல்லை. பிரேக் இல்லாத கார் 401 இல் ஓடினால் என்ன நடக்குமோ, அதுதான் நடந்தது.

அந்தச் சுண்டெலிகளை மறக்காதேங்கோ. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்திருக்கலாம் என்றால் அதைத்தான் வைத்திருக்கச் சொல்வேன். எங்கள் உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைவாக இருப்பது மட்டும் பிரச்சினை இல்லை. அதை அடக்கி வைத்திருக்கும் ஏற்பிகள் இல்லாவிட்டால் நாங்கள் உயிரோடு இருக்கவே மாட்டோம்.

அலிசன் அதே காலத்தில் மற்றப் பக்கமாக யோசித்தார். பிரேக்கை நிரந்தரமாக எடுத்தால் உயிர் போகும். கொஞ்சக் காலத்துக்கு மட்டும் மூடி வைத்தால்? சி.ரி.எல்.ஏ-4 மேல் ஒட்டி அதை மறைக்கும் ஒரு அன்ரிபொடியைப் புற்றுநோய் உள்ள சுண்டெலிகளுக்குக் கொடுத்தார். கட்டிகள் சுருங்கி மறைந்தன. 1996 இல் அது வெளியானது. மனிதருக்கான மருந்தாக, இபிலிமுமாப் என்ற பெயரில், 2011 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இரண்டாவது பிரேக்

யப்பானில் கியோத்தோவில் தசுகு ஹொன்ஜோவின் குழு 1992 இல் வேறொரு ஏற்பியைக் கண்டெடுத்தது. கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் நிகழ்வோடு தொடர்பு என்று நினைத்து, ஆங்கிலத்தில் அந்த அர்த்தம் வரும் பெயரை வைத்தார்கள். அதன் சுருக்கம்தான் பி.டி-1. உண்மையில் அதுவும் ஒரு பிரேக். 1999 இல் அது இல்லாத சுண்டெலிகளுக்கு லூப்பஸ் போன்ற நோய் மெல்ல மெல்ல வந்ததைக் கண்டபோது அது தெளிவானது. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இரண்டு பிரேக்குக்கும் இடம் வேறு. சி.ரி.எல்.ஏ-4 பெரும்பாலும் தொடக்கத்தில், நிணநீர்க் கணுக்களில் ரி-செல் பயிற்சி எடுக்கும்போது வேலை செய்கிறது. பி.டி-1 பிறகு, சண்டை நடக்கும் இடத்தில். நீண்ட நேரம் சண்டை போடும் ரி-செல் தன் மேல் பி.டி-1 ஐக் கூட்டிக்கொள்ளும். சுற்றியுள்ள நல்ல கலங்கள் பி.டி-எல்-1 என்ற புரதத்தைக் காட்டி அந்த பிரேக்கை மிதித்து, "போதும், விடு" என்று சொல்லும். காய்ச்சல் வந்து போன பிறகு உடம்பு அமைதியாவதற்கு இது தேவை.

புற்றுநோய் செய்யும் கள்ளத்தனம் இங்கேதான். பல கட்டிகள் அதே பி.டி-எல்-1 ஐத் தங்கள் மேல் நிறையப் போட்டுக்கொள்கின்றன. ரி-செல் வந்து தொடுகிறது, பருக்கை சரியில்லை என்று கண்டுபிடிக்கிறது, ஆனால் பிரேக் மிதிபடுகிறது. காவல்காரன் கள்ளனைக் கண்டும் பேசாமல் நிற்கிறான். எதிர்ப்புச் சக்தி இல்லாமல் இல்லை, அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

2014 இல் பி.டி-1 ஐ மறைக்கும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகிய மருந்துகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. 2018 இல் அலிசனுக்கும் ஹொன்ஜோவுக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அதே சுண்டெலி, எங்கள் வீட்டில்

இப்போது ஆஸ்பத்திரி அறைக்கு வருவோம். இந்த மருந்து புற்றுநோய்க் கலத்தைக் கொல்வதில்லை. நோயாளியின் ரி-செல்லில் இருக்கும் பிரேக்கின் மேலோ, அதை மிதிக்கும் பி.டி-எல்-1 இன் மேலோ போய் ஒட்டி, பிரேக் மிதிபடாமல் செய்கிறது. அவ்வளவுதான். மிச்ச வேலை முழுக்க ரி-செல்லுடையது.

ஆனால் மருந்துக்குத் தெரியாது எந்த ரி-செல் புற்றுநோயை அடிக்கும், எது குடலை அடிக்கும் என்று. எல்லாவற்றின் பிரேக்கையும்தான் மூடுகிறது. அதனால் பக்கவிளைவு எங்கேயும் வரலாம். தோலில் கடி, குடலில் அழற்சி, நுரையீரலில் அழற்சி, ஈரலில் அழற்சி, தைரொயிட் சுரப்பி செயலிழப்பது, அரிதாக முதலாம் வகை நீரிழிவு, இன்னும் அரிதாக இதயத் தசையில் அழற்சி. 1995 சுண்டெலிகளில் நடந்ததன் சின்ன வடிவங்கள் இவை.

எவ்வளவு பிரேக்கைக் கழற்றுகிறோமோ அவ்வளவு ஆபத்து என்பதற்கு நல்ல கணக்கு ஒன்று இருக்கிறது. மெலனோமா என்ற தோல் புற்றுநோயுள்ள 945 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், கடுமையான பக்கவிளைவு நிவோலுமாப் மட்டும் எடுத்தவர்களில் 21 சதவீதம், இபிலிமுமாப் மட்டும் எடுத்தவர்களில் 28 சதவீதம், இரண்டும் சேர்த்து எடுத்தவர்களில் 59 சதவீதம்.

நான் டொக்டர் இல்லை. ஆனால் மொழிபெயர்க்கப் போகிற பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டியவை என்று மூன்றைச் சொல்வேன்.

முதலாவது, நேரம். கீமோவில் பல விளைவுகள் மருந்து ஏற்றிய சில நாட்களில் வரும். இதில் சில கிழமை கழித்து வரலாம், மாதங்கள் கழித்து வரலாம், மருந்தை நிறுத்திய பிறகும் வரலாம். "அந்த ஊசி முடிஞ்சு மூண்டு மாசம், அதாலயா இருக்காது" என்று வீட்டில் யாரும் தீர்மானிக்கக் கூடாது.

இரண்டாவது, சாதாரணமாகத் தெரிகிற விசயங்கள். வயித்தால போறது, வறட்டு இருமல், படியேறினால் மூச்சு வாங்குவது, அளவு மீறிய களைப்பு. எங்கட வீடுகளில் வயித்தால போனால் வெறும் தேத்தண்ணியில் தேசிக்காய் விட்டுக் குடிப்பார்கள். வேறு நேரத்தில் அது சரி. இந்த மருந்து எடுப்பவருக்கு அது குடல் அழற்சியாக இருந்தால், தேவைப்படுவது பிரட்னிசோன் போன்ற ஸ்ரீரொயிட், டொக்டரின் கண்காணிப்பில். நேரத்துக்குத் தொடங்கினால் பெரும்பாலும் அடங்கும். பிந்தினால் ஆபத்து. சிகிச்சைக் குழு கொடுத்த தொலைபேசி இலக்கத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கோ.

மூன்றாவது, வேறு ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக்குப் போனால், வாசலிலேயே "இம்யூனோதெரபி எடுக்கிறார்" என்று சொல்ல வேண்டும். "புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்" என்று மட்டும் சொன்னால் கீமோ என்று நினைத்து, வேறு திசையில் தேடத் தொடங்கலாம்.

இதெல்லாம் "சக்தியைக் கூட்டுற மருந்து" என்ற வசனத்தில் இருந்து வராது. "பிரேக்கைக் கழற்றுகிற மருந்து" என்று சொன்னால் தானாகவே வரும். பிரேக் கழன்ற காரில் ஏறியவர் கவனமாகத்தான் இருப்பார். சத்துமாவும் மூலிகைக் குளிசையும் இமியூனிட்டி பூஸ்ரரும் வாங்கிக்கொண்டு வரும் உறவினருக்கும் இதே விளக்கம் போதும். இங்கே பெற்றோல் குறைந்து கார் நிற்கவில்லை. எதையாவது புதிதாகக் குடிக்க முதல் சிகிச்சைக் குழுவிடம் கேட்பது நல்லது.

ஏன் எல்லாருக்கும் கேட்பதில்லை?

"மாமாவுக்குச் சுகம் வந்தது, ஏன் சித்திக்கு வரேல்ல?" இதற்கும் கார்தான் விடை. பிரேக்கைக் கழற்றினால் கார் தானாக ஓடாது. எஞ்சின் ஸ்ராட்டில் இருக்க வேண்டும். அதாவது, அந்தப் புற்றுநோயை அடையாளம் கண்ட ரி-செல்கள் ஏற்கனவே இருக்க வேண்டும். வெயிலால் வரும் மெலனோமாவிலும் புகையால் வரும் நுரையீரல் புற்றுநோயிலும் மரபணு மாற்றங்கள் அதிகம். வித்தியாசமான பருக்கைகளும் அதிகம். அதனால் அவற்றில் மருந்து கேட்கும் வாய்ப்புக் கூட. மரபணுப் பிழைகளைத் திருத்தும் இயந்திரமே பழுதான கட்டிகளும் அப்படித்தான். 2017 இல் அமெரிக்க மருந்து நிர்வாகம், எந்த உறுப்பில் தொடங்கியது என்று பார்க்காமல், இந்தப் பழுது உள்ள கட்டிகளுக்கு பெம்ப்ரோலிசுமாப்பை அனுமதித்தது. உறுப்பைப் பார்க்காமல் கட்டியின் அடையாளத்தை மட்டும் பார்த்துக் கொடுத்த முதல் அனுமதி அது.

இபிலிமுமாப் எடுத்த 1,861 மெலனோமா நோயாளிகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது, மூன்று ஆண்டுக்குப் பிறகு ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் உயிரோடு இருந்தார். அதற்குப் பிறகு அந்தக் கோடு கீழே இறங்காமல் கிட்டத்தட்ட மட்டமாகப் போனது. ஐந்தில் நான்கு பேருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இரண்டு உண்மையையும் ஒன்றாகச் சொல்லத் தெரிய வேண்டும்.

எத்தனை பிரேக், அத்தனை மருந்து

ஏற்பியை விளங்கிக்கொண்டால் காசுக் கணக்கும் விளங்கும். ரி-செல்களின் மேல் இருக்கும் பி.டி-1 எண்ணிக்கைக்கு ஒரு எல்லை உண்டு. எல்லாவற்றையும் மூடிவிட்டால், அதற்கு மேல் ஊற்றும் மருந்துக்கு ஒட்ட இடம் இல்லை. 2010 இல் வெளியான, 39 பேருக்கு நிவோலுமாப் கொடுத்துப் பார்த்த முதற்கட்ட ஆய்வில், ஒரு கிலோ எடைக்கு 0.3 மில்லிகிராமில் இருந்து 10 மில்லிகிராம் வரை எந்த அளவு கொடுத்தாலும், இரத்தத்தில் சுற்றும் ரி-செல்களின் பி.டி-1 இல் 70 சதவீதத்துக்கு மேல் இரண்டு மாதத்துக்கு மூடியே இருந்தது.

இதை நடைமுறைக்குக் கொண்டுபோனது மும்பை ராட்டா மெமோரியல் ஆஸ்பத்திரி. வாய், தொண்டைப் பகுதிப் புற்றுநோய் முற்றிய 151 பேர். எல்லாருக்கும் விலை குறைந்த வாய்வழி மருந்துகள், அதில் பாதிப்பேருக்குக் கூடவே மூன்று கிழமைக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப். வழமையான அளவு இரண்டு கிழமைக்கு 240. ஆறு கிழமைக் கணக்குப் பார்த்தால் 720 க்குப் பதிலாக 40, பதினெட்டில் ஒரு பங்கு. ஒரு ஆண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதத்தில் இருந்து 43.4 சதவீதமாகக் கூடினார்கள்.

இந்த ஆய்வு குறைந்த அளவை முழு அளவோடு ஒப்பிடவில்லை. குறைந்த அளவு கொடுத்ததை, ஒன்றும் கொடுக்காததோடு ஒப்பிட்டது. ஆனால் முழு அளவு வாங்க வழியே இல்லாத ஒருவருக்கு அதுதான் உண்மையான கேள்வி. யூனிவர்சிட்டி அவெனியூவில் இருக்கும் பெரியம்மாவுக்கும் தெல்லிப்பழையில் இருக்கும் பெரியம்மாவுக்கும் ரி-செல்லில் இருப்பது அதே ஏற்பிதான். வித்தியாசம் மருந்தின் விலை மட்டும். ஒன்ராறியோவிலும் பெம்ப்ரோலிசுமாப் எல்லாருக்கும் ஒரே அளவாகக் கொடுக்கப்படுவதில்லை. கிலோவுக்கு 2 மில்லிகிராம், உச்சம் 200 என்று எடைக்கு ஏற்பக் கணக்கிடுகிறார்கள்.

இல்லாத ஏற்பியைப் பூட்டுவது

எஞ்சினே ஸ்ராட் ஆகாவிட்டால் என்ன செய்வது? இங்கேதான் ஒஹாஷியின் 1985 பரிசோதனையை ஞாபகப்படுத்துகிறேன். ஒரு ரி-செல்லுக்குள் ஏற்பி மரபணுவை வெளியில் இருந்து வைக்கலாம், அது வேலை செய்யும். 1989 இல் இஸ்ரேலில் செலிக் எஷ்ஹாரின் குழு, அன்ரிபொடியின் பிடிக்கும் பகுதியை ரி-செல் ஏற்பியோடு ஒட்டி, இயற்கையில் இல்லாத ஒரு ஏற்பியைச் செய்தது. அதன் வழித்தோன்றல்தான் இன்றைய கார்-ரி சிகிச்சை. நோயாளியின் ரி-செல்களை எடுத்து, புது ஏற்பிக்கான மரபணுவைப் புகுத்தி, பெருக்கி, திரும்ப ஏற்றுவார்கள். இன்று பயன்படும் பெரும்பாலான வடிவங்களில், பிடிக்கும் கை, ஸ்ராட் பண்ணும் வால், அக்சிலரேற்றர் மூன்றும் ஒரே ஏற்பிக்குள் இருக்கும்.

சில லுக்கேமியா, லிம்போமா நோய்களுக்கான முதல் கார்-ரி மருந்துக்கு 2017 இல் அமெரிக்காவும் 2018 இல் கனடாவும் அனுமதி கொடுத்தன. 2023 ஒக்ரோபரில், பம்பாய் ஐ.ஐ.ரி.யும் ராட்டா மெமோரியலும் சேர்ந்து வளர்த்த நெக்ஸ்கார்-19 இந்தியாவில் அனுமதி பெற்றது. மேலைநாட்டு விலையில் சிறு பங்குதான் அதன் விலை.

வீட்டில் சொல்லிப் பார்க்க

கடைசியாக ஒரு பயிற்சி. அடுத்த முறை யாராவது கேட்டால் சொல்ல நான் எழுதி வைத்திருப்பது இது. வாய்விட்டு ஒருக்கா வாசித்துப் பாருங்கோ:

"அம்மம்மா, உங்கட உடம்பில காவல்காரர் இருக்கினம். அவைக்குப் புற்றுநோயைத் தெரியும். ஆனா அது அவையின்ர பிரேக்கை மிதிச்சு வைச்சிருக்கு. இந்த மருந்து அந்த பிரேக்கைக் கழற்றிவிடும். எல்லாருக்கும் கேக்காது, கேட்டா நல்லாக் கேக்கும். காவல்காரர் சில நேரம் தெரியாம நல்ல இடத்தையும் அடிச்சுப்போடுவினம். அதால புதுசா என்ன செய்தாலும், வயித்தால போனாலும், இருமினாலும், சின்ன விசயமெண்டு நினைக்காம எனக்கு உடனே சொல்லுங்கோ. ராவெண்டாலும் பரவாயில்லை."

எட்டே வசனம். மருத்துவச் சொல் ஒன்றும் இல்லை. ஆனால் 1995 சுண்டெலியில் இருந்து இன்றைய மருந்து வரை எல்லாம் அதற்குள் இருக்கிறது.

இன்னொன்று: மொழிபெயர்க்கும் பாரம் முழுவதையும் நீங்களே தூக்க வேண்டியதில்லை. ரொறன்ரோவின் பெரிய ஆஸ்பத்திரிகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், முன்கூட்டியே கேட்டால் நல்லது. அவர் சொற்களைக் கொண்டுபோகட்டும். நீங்கள் பக்கத்தில் பேரப்பிள்ளையாக இருங்கோ.

"பிரேக்" என்பதற்கு உங்கள் வீட்டில் இதைவிட நல்ல சொல் இருந்தால் இந்த மடலுக்குப் பதில் எழுதுங்கோ. நல்லதை அடுத்த எபிசோடில் வாசிக்கிறேன்.